மீட்டருக்குத் தைத்த உறை

"நான் போய் அந்தப் பொண்ணுகிட்ட சொல்லத்தான் போறேன், நீங்க என்ன வேணா..."

"யாரும் எங்கயும் போக வேணாம். முடிஞ்சு போன விஷயத்தைப் போயி..."

"முடிஞ்சு போச்சா? உங்க காதுதான் முடிஞ்சு போச்சு."

"என்ன?"

"காது. காது முடிஞ்சு போச்சுன்னேன்."

"கத்தாத. மாடி வீட்டுக்குக் கேக்கும்."

மாடி வீட்டுக்கு எப்போதோ கேட்டுவிட்டது. அந்த வீட்டம்மா துணி காயப்போடுகிற சாக்கில் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்று பத்து நிமிஷம் ஆகிறது. இந்த வீட்டுச் சண்டையில் ஒளிவுமறைவு கிடையாது. உப்புக் குறைந்ததிலிருந்து மகளுடைய மாமியார் சங்கதி வரை எல்லாம் தெருவுக்கே அறிவிப்புதான். புருஷனுக்கு எட்ட வேண்டுமென்றால் அவள் கழுத்து நரம்பு புடைக்கக் கத்த வேண்டும். தன் குரல் தனக்கே எட்டாததால் அவரும் கத்துவார். தண்ணீர் கேட்டால்கூட வெளியே நிற்பவர்களுக்கு அடிதடி மாதிரி இருக்கும்.

அவருக்கு மட்டும் ஒரு வசதி உண்டு. தோற்கப் போகிறோம் என்று தெரிந்தால் கண்ணை மூடிக்கொள்வார். உதடு தெரியாவிட்டால் அவருக்குப் பேச்சே கிடையாது. அன்று காலையும் அதைத்தான் செய்தார். சட்டைப் பொத்தானைப் பாதி போட்டபடி நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். அவள் இன்னும் இரண்டு வார்த்தை பேசிப் பார்த்தாள். பிறகு யாரிடம் பேசிக்கொண்டிருக்கிறோம் என்று தோன்ற, தோளைத் தட்டி, கண்ணைத் திறங்க என்றாள்.

வேலைக்கு நேரமாச்சு என்று கண்ணைத் திறக்காமலே எழுந்து, செருப்பைக் காலால் துழாவி மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

அவருக்கு ஆணி கம்பெனியில் வேலை. இருபத்தாறு வருஷமாக ஒரே கூடம், தகரக் கூரை, பதினாலு மெஷின். ஒரு பக்கம் கம்பிச் சுருளை விழுங்கி மறுபக்கம் ஆணியாகத் துப்புகிற மெஷின்கள். கம்பியைக் கவ்வி, ஒரே அடியில் தலையைத் தட்டையாக்கி, கூர் சீவித் தள்ளும். ஒன்று என்று எண்ணுவதற்குள் பத்து ஆணி விழுந்திருக்கும். விழுந்ததை மரத்தூளோடு பெரிய பீப்பாயில் கொட்டி உருட்டுவார்கள். எண்ணெயெல்லாம் தூளோடு போய் ஆணி பளபளவென்று வரும். அந்தத் தூள் அவர் கால்சட்டை மடிப்பில் வீடு வரைக்கும் வரும். கூர் சீவும்போது தெறிக்கிற இரும்புத் துணுக்கும் வரும். துவைப்பதற்கு முன்னால் அவள் ஒரு காந்தத்தைத் துணி முழுக்க நடத்துவாள். இல்லையென்றால் கை கிழிந்துவிடும்.

துணுக்கைக் காந்தம் எடுத்துவிடும். காதுக்குள் போனதை எடுக்க வழியில்லை. அது ஒரே நாளில் நடக்கவும் இல்லை. முதலில் மழை போயிற்று. அவள் ஓடி ஓடிக் கொடித்துணியை எடுக்கிறதைப் பார்த்துவிட்டு, "மழையா?" என்று கேட்டார் ஒரு நாள். தலைக்கு மேலே வாசல் தகரத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. அடுத்தது போன். மகள் பேசும்போது காதில் வைத்துக்கொண்டு, சரிம்மா, சரிம்மா என்பார். அவள் என்ன கேட்டாலும் சரிதான். அப்பா, எனக்குக் காய்ச்சல் என்றதற்கும் ஒரு தடவை சரிம்மா என்றுவிட்டார். அதற்கப்புறம் மகள் அம்மாவிடம் மட்டும் பேசுகிறாள்.

கடைசியாகப் போனது மெதுவான பேச்சு. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. முன்பெல்லாம் அவர் சாப்பிடும்போது பக்கத்தில் உட்கார்ந்து, அன்றைக்குப் பார்த்தது கேட்டது எல்லாம் சொல்வாள். அவர் ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டே அந்தந்த ஆள் மாதிரி நடித்துக் காட்டுவார். தையற்கடைக்காரர் ஊசியில் நூல் கோக்கிற மாதிரி, வீட்டுக்காரம்மா வாடகை கேட்க வந்து வாடகையைத் தவிர மற்றதெல்லாம் பேசுகிற மாதிரி. அவள் சிரித்துப் புரையேறிப் போவாள். இப்போது அந்த மாதிரிச் சின்ன விஷயங்களைச் சொல்ல முடிவதில்லை. கனவில் அம்மா வந்தாள், ஒன்றும் பேசாமல் போய்விட்டாள் என்பதைக் கத்திச் சொல்ல முடியுமா? புருவத்தில் ஒரு நரை தெரிகிறது என்பதைத் தெருவுக்கே கேட்கச் சொல்வதா? அதெல்லாம் உள்ளேயே தங்கிவிட்டது. சாப்பிட்டீங்களா, கதவைச் சாத்துங்க, போன் வந்தது. கத்தத் தகுந்தது இவ்வளவுதான்.

இப்படியிருக்கும்போதுதான் மீட்டர் பொண்ணு வந்தாள். சின்ன இரும்புப் பட்டறைகளில் சத்தம் ஆளை என்ன செய்கிறது என்று பார்க்க அரசாங்கம் ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்கியிருக்கிறதாம், ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஆள் அனுப்பியிருக்கிறார்களாம். இருபத்தாறு வருஷமா நாம கேக்குறதைக் கேக்க அரசாங்கத்துக்கு இப்பத்தான் காது முளைச்சிருக்கு என்றாராம் பக்கத்து மெஷின் சோடாபுட்டி. கண்ணாடி தடிமனில் வந்த பெயர் அது.

அந்தப் பெண் ஒல்லியாக, முதுகில் ஒரு பையும் காலுக்குப் பெரிதான பூட்ஸுமாக இருந்தாள். முதலில் ஒரு வேன் கொண்டுவந்து அதற்குள்ளிருந்த சின்ன அறையில் ஒவ்வொருவராக உட்காரவைத்து, சத்தம் கேட்டால் பட்டனை அழுத்தச் சொன்னாள். இவர் அவள் கையைப் பார்த்துப் பார்த்து, அது அசைந்தபோதெல்லாம் அழுத்தியிருக்கிறார். இரண்டாவது நிமிஷம் அவள் நாற்காலியைத் திருப்பிப் போட்டுவிட்டாளாம். "நல்லாத்தான் அமுக்கினேன், அப்புறம் திருப்பிவிட்டுட்டா," என்று வீட்டில் வந்து குறைப்பட்டுக்கொண்டார்.

பிறகு மீட்டர். தீப்பெட்டி அளவு, மேலே கறுப்பு ஸ்பாஞ்சில் ஒரு குமிழ். அதைத் தோளில் மாட்டிக்கொண்டு வேலை செய்ய வேண்டும். சாயங்காலம் திருப்பிக் கொடுத்தால் நாள் முழுக்க எவ்வளவு சத்தம் என்று அவள் கம்ப்யூட்டரில் பார்த்துக்கொள்வாள். ஆறு மெஷினுக்கு ஆறு பேர், மூன்று நாள். கண்ணு மாதிரிப் பாத்துக்கங்க அண்ணே, எண்ணெய் பட்டா வீணாப் போயிடும், எங்ககிட்ட மொத்தமே ஆறுதான் இருக்கு என்று சொல்லிவிட்டு, அடுத்த பட்டறைக்கும் அவள்தான் போக வேண்டுமென்பதால் போய்விட்டாள்.

கண்ணு மாதிரி என்று சொன்னது பெரிய தப்பாகிவிட்டது. அந்தக் கூடத்தில் நல்ல பொருள் எதையும் வெறுமனே வைக்க மாட்டார்கள். கைக்கடிகாரம், போன், சாப்பாட்டு டப்பா எல்லாவற்றுக்கும் உறை உண்டு. எண்ணெய் பொடித்தூறலாகக் காற்றிலேயே நிற்கும் இடம் அது. முதல் நாள் மீட்டரைக் கைக்குட்டையில் சுற்றி ஒப்பேற்றிவிட்டு வந்து, அன்று சாயங்காலமே மனைவியிடம் ஆறு உறை தைக்கச் சொன்னார். பழைய கம்பளியை வெட்டி, உள்ளே பஞ்சு வைத்து, மேலே ரெக்ஸின் போட்டு, பொத்தானும் காஜாவுமாகத் தைத்தாள். தைத்துக்கொண்டிருக்கும்போதே அவளுக்கு ஒரு சந்தேகம் வந்தது. மூடினா அதுக்குக் கேக்குமா என்று கேட்டாள்.

"அந்தக் கூடத்துல கேக்காம எங்க போகும்? செவுத்துக்கே கேக்குது," என்றார்.

மீட்டர் பொண்ணு போனதும் உறையை மாட்டுவார்கள், வருவதற்கு முன் கழற்றுவார்கள். மறைப்பதற்காக இல்லை. விருந்தாளி வந்தால் பாய் மேல் கிடக்கிற பழைய துணியை எடுப்பதில்லையா, அந்த மாதிரி. பொட்டு எண்ணெய் இல்லாமல் மீட்டர் திரும்பி வந்ததைப் பார்த்து அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். வேற எந்தப் பட்டறையிலும் இவ்வளவு சுத்தமாத் தரலண்ணே என்றாளாம். ஆறு பேரும் பெருமையாக வீடு திரும்பினார்கள்.

மூன்று மாதம் கழித்து வந்த தாளை அவர் சட்டைப் பையில் மடித்து வைத்திருந்தார். துவைக்கப் போடும்போது அவள் எடுத்துப் படித்தாள். ஆணிக்கூடத்தில் சத்தம் அனுமதித்த அளவுக்குள் இருக்கிறது. இவருக்குக் காது ரொம்பவே போயிருக்கிறது, ஆனால் அது வேலையால்தான் என்று சொல்ல முடியாது, வயது காரணமாக இருக்கலாம். கம்பி இழுக்கிற வேறு கூடத்தில் மட்டும் மெஷினுக்கு மூடி போட வேண்டும், காது பாதித்தவர்களைச் சத்தமில்லாத வேலைக்கு மாற்ற வேண்டும். ஆணிக்கூடத்துக்கு ஒன்றும் இல்லை.

இரண்டு நாள் அவளுக்குப் பிடிபடவில்லை. அவர் போனுக்கும் அதே துணியில் ஒரு உறை உண்டு. மூன்றாம் நாள் விடிகாலை மாடி வீட்டுக்கு மகளிடமிருந்து போன். மூணு தடவை அடிச்சேன், யாருமே எடுக்கல, என்ன ஆச்சோன்னு பயந்துட்டேன் என்றாள். போன் அடுப்படி மேடையில், இவள் கைக்கெட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. உறைக்குள். இவள் காதில் ஒரு குறையும் இல்லை. கையிலிருந்த முட்டையை வைத்துவிட்டு அந்த உறையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்போது ஆரம்பித்ததுதான் சண்டை.

அவர் சொன்ன காரணங்கள் எல்லாம் நியாயம் மாதிரிதான் இருந்தன. ஆறு ஆம்பளைங்க சேர்ந்து மீட்டர் வாயில துணியை அடைச்சோம்னு ஊர் சிரிக்கும். அந்தப் பொண்ணு வேலைக்கு வேட்டு வச்ச மாதிரி ஆயிடும். மேஸ்திரி மூஞ்சியில் முழிக்க முடியாது. இதெல்லாம் சரி, ஆனால் இவர் இவ்வளவு பிடிவாதம் பிடிக்கிற ஆள் இல்லையே என்று அவளுக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

அவர் போன கையோடு ஆறு உறையையும் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். மற்றப் பட்டறைகளில் அளவெடுப்பு முடியாததால் வேன் இன்னும் பட்டறைத் தெரு முனையில்தான் நின்றது. வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. மீட்டர் பொண்ணு வேன் படியில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தாள். இவள் ஒன்றும் சொல்லாமல் உறைகளை ஒவ்வொன்றாக எடுத்து அவள் பக்கத்தில் வைத்தாள்.

"என்னக்கா இது?"

"மீட்டருக்கு. நான்தான் தைச்சேன்."

அந்தப் பெண் ஒன்றை எடுத்து, விரலை விட்டுப் பார்த்தாள். கம்பளி, பஞ்சு, ரெக்ஸின். பொத்தானைப் போட்டாள், கழற்றினாள். முகம் வெளுத்துவிட்டது. மூணு நாளுமா என்று கேட்டாள். முதல் நாள் கைக்குட்டைதான் என்றாள் இவள். பாதி ரொட்டியைத் தாளில் சுற்றி வைத்தாள்.

"சுத்தமா இருக்கேன்னு சந்தோஷப்பட்டேன் பாருங்கக்கா. ஒரு நாளாவது முழுசா கூட இருந்திருக்கணும். தப்பு என் பேர்லதான்."

அதற்கப்புறம் அவள் சொன்னதெல்லாம் இவளுக்கு நன்றாகவே விளங்கியது. ஆராய்ச்சிக்கு ஒதுக்கிய பணம் இந்த மாதத்தோடு முடிகிறது. வெள்ளிக்கிழமை மீட்டரைத் திருப்பி ஒப்படைக்க வேண்டும். நடுவில் இரண்டு நாள் இருக்கிறது. நடந்ததை நடந்தபடி எழுதிவிட்டு மறுபடி அளக்கலாம், ஆனால் ஆறு பேரும் புதிதாகக் கையெழுத்துப் போட்டால்தான் முடியும். யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது. அளவு தாண்டியது என்று வந்தால்தான் ஆளை மாற்றச் சொல்லி எழுத வழியுண்டு.

"மாத்தினா காது திரும்ப வருமா?" என்று கேட்டாள் இவள்.

"போனது வராதுக்கா. மிச்சம் இருக்கறது நிக்கும். அங்கயே இருந்தா ரெண்டு மூணு வருஷத்துல அதுவும் போயிடும்."

எப்படி மாட்டினார்கள் என்று நேரில் பார்க்க வேண்டுமென்று அந்தப் பெண் இவளையும் உடன் அழைத்துப் போனாள். இருபத்தாறு வருஷத்தில் இவள் அந்தக் கூடத்துக்குள் கால் வைத்ததில்லை. மஞ்சள் ஸ்பாஞ்ச் அடைப்பான் இரண்டைச் சுருட்டிக் காதில் வைத்துவிட்டாள் அந்தப் பெண். ரப்பர்த் திரையைத் தள்ளியதும் சத்தம் காதை விட்டுவிட்டு மற்ற வழியாகவெல்லாம் உள்ளே வந்தது. செருப்பு வழியாக வந்தது, பல்லில் அதிர்ந்தது, நெஞ்சுக்கூட்டில் யாரோ கதவைத் தட்டுகிற மாதிரி இருந்தது. இதில் எப்படி இருபத்தாறு வருஷம் என்று நினைத்தபடி அவரைத் தேடினாள்.

அவர் இரண்டு மெஷினுக்கு நடுவில் நின்றிருந்தார். ஒரு கை ஓடுகிற கம்பி மேல் இருந்தது. மற்றக் கை பேசிக்கொண்டிருந்தது. உதட்டை அகலமாக, ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு உருவம் கொடுத்து, புருவத்தை ஏற்றி இறக்கிப் பேசினார். அங்கே எல்லாரும் அப்படித்தான் பேசுகிறார்கள். யாருக்கும் எதுவும் கேட்காத இடத்தில் காதுக்கு என்ன வேலை? சோடாபுட்டியும் இன்னும் மூன்று பேரும் மெஷினில் ஒரு கண்ணும் இவர் மேல் ஒரு கண்ணுமாக, சத்தமே இல்லாமல் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள்.

அவர் நடித்துக்கொண்டிருந்தார். கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, ஈரத்துணியைப் பிழிந்ததையே பிழிந்துகொண்டு, கழுத்தை நீட்டி நிற்கிற ஒரு பொம்பளை. மாடி வீட்டம்மாதான். அடுத்து, ஒரு கையை இடுப்பில் வைத்து, கழுத்து நரம்பு புடைக்க, விரலை நீட்டி நீட்டிப் பேசுகிற இன்னொருத்தி. அது யார் என்று கண்டுபிடிக்க அவளுக்கு ஒரு நிமிஷம் ஆயிற்று. இடுப்பில் இருந்த தன் கையைக் கீழே இறக்கினாள்.

கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பத்து வருஷமாக இந்த ஆள் எங்கே போனார் என்று அவள் தேடிக்கொண்டிருந்தாள். இங்கேதான் இருந்திருக்கிறார், தினமும் எட்டு மணி நேரம்.

சோடாபுட்டி முதலில் பார்த்துவிட்டு, சிரிப்பை அடக்க மூக்கை அமுக்கிக்கொண்டு திரும்பினார். நடித்துக்கொண்டிருந்தவரின் கை அந்தரத்தில் நின்றது. மீட்டர் பொண்ணு தாளையும் பேனாவையும் நீட்டிக்கொண்டு ஒவ்வொருவராகப் போனாள். எழுதிக் கொண்டுவந்ததைப் படித்து, தலையில் அடித்துக்கொண்டு, சிரித்து, ஐந்து பேர் போட்டார்கள். ஊர் சிரிப்பதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. அவர் மட்டும் தாளை வாங்காமல் எண்ணெய்க் கையைப் பஞ்சுக்கழிவில் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார். ஓடுகிற மெஷின் முன்னால் கண்ணை மூட முடியாது.

இவள் நின்ற இடத்திலிருந்தே வாயைத் திறந்தாள். கத்தினால் தனக்கே கேட்காது என்பதால் கத்தவில்லை. வெறும் உதடுதான்.

"ஏங்க போட மாட்டேங்கறீங்க?"

இருபது அடி தூரம் இருக்கும். அவருக்கு உடனே புரிந்தது.

"இங்க எனக்கு எல்லாம் கேக்குது," என்றார் அவரும் உதட்டால்.

"வீட்ல?"

அவர் கம்பியைப் பார்த்தார். பிறகு இவளைப் பார்த்தார். "வீட்ல நீ கத்துற. கத்தினா வாய் கோணிப் போகுது. ஒண்ணும் புரியறதில்ல."

"பின்ன எப்படிப் பேசணும்?"

"இப்பப் பேசுறியே. இப்படி."

பதினாலு மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அவள் அத்தனை பேர் நடுவில், யாருக்கும் கேட்காமல், கல்யாணமான புதிதில் பேசினது போல மெதுவாகச் சொன்னாள்.

"போடுங்க. மிச்சம் இருக்கற காது எனக்கு வேணும்."

அவர் தாளை வாங்கி, சோடாபுட்டி முதுகில் வைத்துக் கையெழுத்துப் போட்டார். மீட்டரைத் தானே வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டார். எண்ணெய் தெறித்தபோது கை தன்னையறியாமல் அதை மூடப் போயிற்று, பாதியில் நிறுத்திக்கொண்டது. வெளியே வரும்போது சோடாபுட்டி தேநீர்க் கேனோடு கூடவே வந்தார். "இங்க அவர் பேரு ரேடியோ, அண்ணி. தெரியாதா உங்களுக்கு?" என்றார். அவள் இல்லை என்று தலையாட்டினாள். தெரு முனை வரை போன பிறகுதான் காதிலிருந்து அடைப்பானை எடுத்தாள்.

அளவு எங்கேயோ போய் நின்றதாம். புதுத் தாள் ஒன்றரை மாதத்தில் வந்தது. மெஷின்களுக்கு மூடி போட ஆள் வந்து அளந்து போனார்கள். மேஸ்திரி இவரைக் கூப்பிட்டு, திங்கட்கிழமையிலிருந்து பேக்கிங் அறை என்றார். சுவர் தாண்டிக் கட்டடத்தின் மறுகோடியில், மரக்கதவு போட்ட அறை அது. ஆறு பெண்கள் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஆணியை எடை போட்டுப் பெட்டியில் அடுக்கி ஒட்டுகிற இடம்.

வீட்டில் அவளுக்குப் பழக்கம் வரவில்லை. கூடத்தில் வந்தது இங்கே கூச்சமாக இருந்தது. இந்த வயதில் எதிரெதிரே உட்கார்ந்து ஒருத்தர் வாயை ஒருத்தர் பார்ப்பதா? அடுப்பைப் பார்த்துக்கொண்டே பேச்செடுப்பாள், பதில் வராது, பழையபடி கத்திவிடுவாள். சரி, மெதுவாகச் சொல்லலாம் என்று உட்கார்ந்தாலும், பத்து வருஷம் சேர்த்து வைத்ததில் எதை முதலில் எடுப்பதென்று தெரியாமல், இன்னும் கொஞ்சம் சூப் ஊத்தவா என்று முடிந்துவிடும். சட்டைகள் எண்ணெய் இல்லாமல் வந்தன. மடிப்பில் தூள் இல்லை. திங்கள், செவ்வாய், புதன் அவர் வேலையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. புது இடம் எப்படி என்று கேட்டாள். பரவாயில்லை என்றார்.

வியாழக்கிழமை சாயங்காலம் அவர் வரும்போது அவள் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். முகம் கழுவவில்லை, உடை மாற்றவில்லை. முக்காலியை இழுத்து ஜன்னல் பக்கம், வெளிச்சம் அவள் முகத்தில் விழுகிற மாதிரிப் போட்டு, எதிரே உட்கார்ந்தார். அவள் கையிலிருந்த கத்தியை வாங்கிக் கீழே வைத்தார். அவர் கண் அவள் உதட்டின் மேல் இருந்தது, ஓடுகிற கம்பியைப் பார்க்கிற மாதிரி.

"அங்க எல்லாரும் குனிஞ்ச தலை நிமிராம பேசுறாங்க, ஒரு வார்த்தை புரியல. நீ பேசு. எதுவா இருந்தாலும் சரி, பேசு."